எட்டு நாள் பிழை

1949. அடையாற்றில் ஒரு தோட்ட வீட்டின் பின்கட்டில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. கடல் கடந்து வரும் கதிரியக்க அயோடினை முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தோடு பிணைப்பது எங்கள் வேலை. பிணைந்துவிட்டால் அந்தப் புரதம் உடம்பில் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்துவிடலாம். முட்டையை நான் தொடுவதில்லை. மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வரும் பாய்தான் முட்டை உடைப்பது முதல் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடுவதுவரை எல்லாம் செய்வார். நான் நாளும் அளவும் எழுதுவேன்.

பிணையாத அயோடின் வெளியேறுவதற்காகக் கரைசலை செலோஃபேன் பையில் கட்டி இரண்டு நாள் தண்ணீரில் தொங்கவிட்டோம். மாற்றிய தண்ணீரையும் ஜாடிகளில் சேர்த்து வைத்தோம். வியாழக்கிழமை காலை, ஆய்வுக்கூடத்தை நடத்திய பேராசிரியர் பையையும் ஜாடிகளையும் கதிரை எண்ணும் கைகர் கருவியில் அளந்து கூட்டினார். இந்த அயோடின் நாளாக நாளாகத் தானே தேயும். என் பதிவேட்டின்படி, வந்த நாளிலிருந்து அப்படித் தேய்ந்தது போக மிஞ்ச வேண்டியதில் பாதிதான் இருந்தது.

"மீதியை எங்கே சிந்தினே?"

"ஒரு சொட்டு கீழ விழல சார்," என்றார் பாய்.

"கையை நீட்டு."

அயோடின் பட்டிருந்தால் கருவி படபடவென்று தட்டும்; உள்ளங்கையருகே எப்போதும் போல விட்டு விட்டுத்தான் தட்டியது. சட்டை, மேஜை, தரை எங்கும் அப்படியே.

"சாயங்காலத்துக்குள்ள சிந்தின இடம் தெரியணும். இல்லேன்னா நாளைக்கு வராதே."

பேராசிரியர் தம் அறைக்குப் போனதும் பாய் குந்தி உட்கார்ந்து, தரையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கருவியிடம் காட்டினார்.

"இன்னா சாமி, தும்முனாகூட எழுதிக்கினு இருப்பியே. நான் சிந்துனேன்னு எங்கனா எழுதிக்கீதா?"

"இல்லை பாய்."

சரியாகப் பாதி என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சிந்தினால் அப்படிக் கணக்காகச் சிந்துமா? இந்த அயோடின் எட்டு நாளில் பாதியாகிவிடும். பெட்டியோடு வந்த சீட்டைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த அளவு, அங்கே புட்டியை மூடிய நாளுக்கு உரியது. இங்கே வந்து சேர எட்டு நாள் ஆகியிருந்தது; அதற்குள் பாதி தேய்ந்திருக்கும். நானோ அந்த அளவை, பெட்டி பிரித்த தேதிக்கு நேரே எழுதியிருந்தேன். என் தேதிகளை அதுவரை யாரும் திருத்தியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சீட்டையும் பதிவேட்டையும் பேராசிரியர் முன் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

சொன்னேன். பாய் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"என் கைக்கு மெஷின் வச்சாரே, உன் நோட்டுக்கு வச்சாரா சாமி?"

அடுத்த பெட்டி வந்தபோது, சீட்டிலிருந்த தேதியை நான் உரக்கப் படித்துக் காட்டும்வரை அவர் முட்டையை உடைக்கவில்லை.