கழுவிக் கொண்டுவந்த காளான்

மழை விட்ட காலையில் கறையான் புற்றின் அடிமண்ணைக் குச்சியால் கீறினால், ஊறவைத்த அரிசியைக் களையும்போது வருமே, அந்த லேசான புளிப்பு கலந்த ஈர வாசனை குப்பென்று மூக்கில் ஏறும். மற்றவர்களுக்கு அது வெறும் மண் வாசனை. எண்பது வயதைத் தாண்டிவிட்டேன். இன்றைக்கும் ஐப்பசியில் எங்கிருந்தாவது அது வந்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். பேரப்பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு வேதக்கார ஊர், கிறிஸ்தவர்கள் ஊர், எங்களுடையது. உலகத்துச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அப்பா பட்டாளத்தில் சேர்ந்து எந்தச் சீமையில் இருக்கிறார் என்றுகூடச் சரியாகத் தெரியாமல், வீட்டில் அம்மாவும், ஒன்பது வயது நானும், ஐந்து வயதுத் தம்பி சவரியும் இருந்தோம். அடுத்த வீட்டில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. அரிசி "கண்ட்ரோலு"க்குப் போய், அளந்து கொடுக்கிற ரேஷனாகிவிட்டது. கேழ்வரகுக் கூழும், அது தீர்ந்தால் ஏதாவது கீரையும்தான் சாப்பாடு. கறி என்பது பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் வந்துபோகிற விருந்தாளி. அந்த ஐப்பசியில் சவரி ஒரு மாதமாக, விட்டு விட்டுக் குளிர்ந்து வருகிற "மொறக்காச்ச"லில் கிடந்து, விலா எலும்பை எண்ணிவிடலாம் போலத் தேறி எழுந்திருந்தான். எழுந்ததும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கறி வேணும்மா."

அவன் அப்படிக் கேட்டு அழுத வாரத்தில்தான் இடி இடித்து மழை பெய்தது. இடிச் சத்தத்துக்குப் புற்றுக்காளான் கண் விழிக்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வேதக்காரர்களுக்குச் "சுத்தபோசனம்", மாமிசம் தொடக்கூடாது. ஆனால் மல்லியும் மிளகும் வைத்து அரைத்துக் குழம்பு வைத்தால் கோழிக்கறி தோற்றுப்போகிற காளானுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் ஐப்பசி வெள்ளிக்கிழமைகளில் ஊரே பனையோலைக் கொட்டானைத் தூக்கிக்கொண்டு முந்திரிக்காட்டுக்குள் போய்விடும். பாவமும் இல்லை, காசும் இல்லை, வாயில் கறி ருசி. பசித்த ஊருக்கு வேறென்ன வேண்டும்?

அம்மாவுக்குக் காளான் விஷயத்தில் பிடிவாதம் அதிகம். அம்மா சொன்னபடி செய்தால் ஒரு குறையும் வராது என்பது ஊருக்கே தெரியும். புற்றிலிருந்து வருவதை மட்டும்தான் எடுக்க வேண்டும். அதையும் பிடித்து ஒடிக்கக்கூடாது, குச்சியால் சுற்றிலும் நோண்டி, புற்றுக்குள் நீளமாக இறங்கிப்போகிற "எலிவால்" வேரோடு உருவ வேண்டும். வேர் வராத காளானைத் தொடக்கூடாது. குடைக்குக் கீழே காம்பில் மோதிரம் போட்டாற்போல வளையம் இருந்தால் அது எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் காலால் எத்திவிட வேண்டும். எடுத்ததை மண்ணோடு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அம்மா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வேரைப் பார்த்து, குடையைத் திருப்பி மடிப்பைப் பார்த்து, புழுத்ததையும் நைந்ததையும் ஒதுக்கிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவாள். நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, குடையைக் கத்தி படாமல் கையாலேயே கிழித்து, மஞ்சளைத் தட்டிப்போட்டு ஒரு கொதி கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவாள். விஷம் இருந்தால் மஞ்சள் கறுத்துப்போகும் என்பது அம்மாவின் நம்பிக்கை, ஊரின் நம்பிக்கை, என் நம்பிக்கையும்தான். அன்றைக்கு எங்களைக் கவிழ்த்தது அந்த மஞ்சள்தான்.

தம்பியை விட்டு அம்மாவால் நகர முடியவில்லை. "மண்ணோட கொண்டாடி. கழுவிக் கிழுவி வச்சுடாத" என்று சொல்லிக் கொட்டானை என்னிடம் கொடுத்தாள். நான் போவதற்குள் ஊர் முந்திக்கொண்டுவிட்டது. எந்தப் புற்றைப் பார்த்தாலும் நோண்டிய குழிதான் இருந்தது. சுற்றிச் சுற்றிக் கால் கடுத்தபோது கொட்டானில் கிடந்தவை விரல் நீள மொட்டுகள் நாலைந்து. அவ்வளவையும் வைத்துக் குழம்பு வைத்தால் கரண்டிக்குள்ளேயே கரைந்துவிடும். அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு பழைய முந்திரி மரத்தடியில், மக்கிய சருகுக்குள், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைக் குடைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். பக்கத்திலேயே ஒரு புற்று இருந்தது. ஆனால் அவை புற்றில் இல்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வேர் இல்லாமல் பொசுக்கென்று கையோடு வந்தது. காம்பில் வளையம் இருந்தது.

தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வயதுக்குப் பிறகு பொய் சொல்ல எனக்கு மனமில்லை. எனக்குத் தெரியும். ஆனால் ஒன்பது வயதுப் புத்தி வேறு கணக்குப் போட்டது: புற்றுக்குப் பக்கத்தில் இருப்பதும் புற்றுக்காளான்தானே, அப்படியே விஷமாக இருந்தாலும் மஞ்சள் கறுத்தவுடன் அம்மா கொட்டிவிடுவாளே, அதற்குள் கொட்டான் நிறைய எடுத்துப்போய்ச் சவரியின் முகத்தைப் பார்த்துவிடலாமே! எல்லாவற்றையும் பறித்தேன். காம்போடு கொண்டுபோனால் அம்மா வாசலிலேயே வீசிவிடுவாள் என்பதால் ஊர்க் குளத்துப் படியில் உட்கார்ந்து காம்புகளை ஒடித்துப் போட்டேன். மேலே இருந்த பழுப்புச் செதில்களைத் தேய்த்தேன். நல்ல காளான்களின் வேரையும் சேர்த்துக் கிள்ளிவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவி, ஒரே நிறமாக்கிக் கொண்டுபோய் நின்றேன்.

அம்மா கொட்டானுக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, கழுவாதேன்னு சொன்னேன்ல?"

"சேறாக் கெடந்துச்சும்மா. பாவாடையெல்லாம் வீணாப் போயிடும்னு கழுவிட்டேன்."

"காம்பெல்லாம் எங்க?"

"புழுத்திருந்துச்சு. போட்டுட்டேன்."

"புத்துலதான எடுத்த?"

"ஆமாம்மா. மாதாவாண."

மாதாவின் மேல் ஆணை வைத்தேன். அம்மா ஒரு குடையை எடுத்துத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். கொட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கொட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், கடவுளே! அதற்குள் சவரி பாயிலிருந்து தவழ்ந்துவந்து கொட்டானுக்குள் கைவிட்டு, "கறி, கறி" என்று கை தட்டினான். ஒரு மாதமாக அந்தப் பிள்ளை சிரித்துப் பார்க்காத அம்மா, குடையைத் திரும்பக் கொட்டானிலேயே போட்டுவிட்டு அடுப்பை மூட்டப் போனாள். மஞ்சள் போட்டுக் கொதித்தது. நானும் அம்மாவும் தலையை ஒட்டிவைத்துச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் பொன் போல மஞ்சளாகவே இருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

காளான் சமைத்தால் அடுத்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுக்காமல் சாப்பிடுகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. அத்தைக்கு ஒரு கிண்ணம் போயிற்று. அத்தை அதைச் சாயங்காலத்துக்கு என்று உறியில் வைத்துவிட்டாள். மத்தியானம் சவரி தின்றான், தின்றான், அப்படித் தின்றான். அம்மா சாறு மட்டும் ஊற்றிக்கொண்டு துண்டுகளையெல்லாம் அவன் தட்டுக்குத் தள்ளினாள். எனக்கு நாலு துண்டு கிடைத்தது. ருசியில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபமந்திரம் சொல்லிக்கொடுக்கும் மணி அடிக்கும் முன்னரே சவரி வாந்தி எடுக்க ஆரம்பித்தான். அடுத்து நான், அடுத்து அம்மா. எனக்கும் அம்மாவுக்கும் குடலைப் புரட்டிப் போட்டுவிட்டு ஓரளவு நின்றது. காய்ச்சலில் உலர்ந்து கிடந்த அந்தச் சின்ன உடம்பில் நிற்கவே இல்லை. வயிற்றால் போனதில் ரத்தம் வந்தது. "தண்ணி, தண்ணி" என்று கேட்டான். அத்தை ஓடிவந்து செம்பைப் பிடுங்கினாள். "தண்ணி குடுத்தா இன்னும் வாந்தியா எடுப்பான், குடுக்காத!" அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் ஓடையில் ஆள் மூழ்கும் வெள்ளம். நாக்கு வறண்டு, கண் குழி விழுந்து, கேட்பதற்குக்கூடச் சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு கிடந்தவன், சனிக்கிழமை விடியும்போது அடங்கிவிட்டான். உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீரை ஊட்டிக்கொண்டே இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று பல வருஷம் கழித்து ஒரு டாக்டரம்மா என்னிடம் சொன்னார். அதைக் கேட்டு அத்தைமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யாரைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை உண்டு என்பது வேறு விஷயம்.

கல்லறைக்கு எடுத்துப்போகும் முன்பே அத்தை உறியிலிருந்த கிண்ணத்தைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் வாசலில் கவிழ்த்தாள். "பெத்த புள்ளையக் கொன்னதும் இல்லாம என் குடும்பத்தையும் சேத்து வாரிக்கிட்டுப் போகப் பாத்தாளே, பாவி! காளான் பாக்கத் தெரிஞ்சவளாம் காளான்!" அம்மா மறுக்கவில்லை. "நான்தான் போய்ப் பறிச்சாந்தேன்" என்று மட்டும் சொன்னாள். கூட்டத்துக்குள் நின்ற எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயைத் திறந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா கையால் சமைத்ததை எங்கள் வகையறாவில் யாரும் தொடவில்லை. யாரும் சட்டம் போடவில்லை, பஞ்சாயத்து வைக்கவில்லை, அப்படியே நடந்தது. திருவிழாவிலும், ஞானஸ்நானத்திலும், கல்யாணத்திலும் பெண்கள் எல்லாரும் அடுப்பைச் சுற்றி நிற்க, அம்மா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். காய் நறுக்க உட்கார்ந்தால்கூட, "நீ எழுந்திரு, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். சண்டை முடிந்து அப்பா வந்தார். அழுது தீர்த்துவிட்டு, ஒரு வருஷம் அத்தை வீட்டில்தான் சாப்பிட்டார். பிறகு வீட்டில் சாப்பிட்டார், வெளியாள் வந்தால் மட்டும் தட்டை ஒதுக்கிவைத்துவிடுவார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, நெல் அவித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா துடுப்பை நிறுத்தவே இல்லை.

"தெரியும். மறுநாளே கொளத்துப் படியில காம்பு கெடந்துச்சு. நான்தான் அள்ளிக் கொண்டுபோயி எருக்குழியில போட்டேன்."

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேம்மா."

"சொல்லி? தம்பியத் தின்னவள்னு பேரு வந்தா எவன்டி கட்டுவான் உன்ன? எனக்கு இருக்குற பேரு எனக்கே இருக்கட்டும். நான் வாழ்ந்து முடிச்சவ, நீ வாழப் போறவ." அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளிவிட்டு, "நானும் பாத்தேன்ல அந்தக் கொடைய? திருப்பிப் பாத்துட்டுத்தான போட்டேன்?" என்றாள். என் கல்யாணத்தன்றும் அம்மா கொல்லையில்தான் இருந்தாள்.

இப்போது அந்த முந்திரிக்காடு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்காகத் தோண்டித் தோண்டி, புற்று இருந்த இடமெல்லாம் பனை உயரப் பள்ளமாகக் கிடக்கிறது. மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருக்கிறது. காளான் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. அதைத் தின்னுங்கள், ஒன்றும் ஆகாது. காட்டில் முளைத்ததைத் தின்ன ஆசை வந்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: மஞ்சள், புளி, வெள்ளிக்காசு, எதுவும் விஷத்தைக் காட்டிக்கொடுக்காது, எத்தனை கொதி கொதித்தாலும் எல்லா விஷமும் போகாது. முழுசாக, வேரும் மண்ணுமாகக் கண்ணால் பார்க்காத காளானை யார் கொடுத்தாலும் அடுப்பில் ஏற்றாதீர்கள். பெற்ற பிள்ளை சத்தியம் செய்து கொடுத்தாலும் ஏற்றாதீர்கள்.

அம்மா கடைசிக் காலத்தில் பெரம்பலூரில் என்னோடுதான் இருந்தாள். பள்ளிக்கூட வேலை முடிந்து நான் களைத்து வந்தால்கூடக் கரண்டியைத் தொடமாட்டாள். "வேணாம்மா, மாப்ள வூட்டுக்காரங்க யாராச்சும் வருவாங்க" என்பாள். அவள் செத்த அன்றைக்கு, மாலையோடு வந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரி, "பாவம், புள்ளையக் கொன்ன பாவத்தச் சொமந்துகிட்டே போயிட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போது எனக்கு அறுபது வயது. கல்யாணம் ஆகிப் பேரன் எடுத்தாயிற்று. இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என் மருமகளையும், வாசலில் நின்ற சம்பந்தி வீட்டாரையும் ஒரு தடவை பார்த்தேன். பிறகு அந்த அம்மாளிடம், "ஆமாக்கா" என்றேன்.

அந்த அம்மாளும் போய்விட்டாள். அத்தையும் அப்பாவும் எப்போதோ போய்விட்டார்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களில் ஒருவரும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்கு யாரும் இல்லை என்கிற தைரியத்தில்.