மூன்றாவது சுவிட்ச்

குவைத்தில் இருந்தபடியே புரோக்கரிடம் பேசி, இம்மானுவேல் ஒரு பழைய எஸ்யூவியை வாங்கி கும்மிடிப்பூண்டி வீட்டு வாசலுக்கு அனுப்பிவிட்டான். அவன் மனைவி மெர்சிக்கு ஓட்ட வரும். ஆனால் ஸ்டியரிங்குக்குக் கீழே பழைய ஓனர் பொருத்தியிருந்த மூன்று சுவிட்சுகள் எதற்கென்று தெரியவில்லை.

“எனுக்கு இன்னா தெரியும்? அமுக்கிப் பாரு மெர்சி, டூட்டிக்கு டைமாச்சு” என்று அவன் போனை வைத்துவிட்டான்.

அமுக்கினாள். முதலாவதில் காலடியில் நீல விளக்கு எரிந்தது. இரண்டாவதில் பின்சீட்டு ஃபேன் சுற்றியது. மூன்றாவதில் ஒன்றும் ஆகவில்லை.

“வண்டி வாங்கிக் குட்த்துட்டா ஆச்சா? பக்கத்துல குந்த ஆளு வேணாமா? பேச ஒரு நாதியில்லாம நாலு நாளா செவுத்தப் பாத்துக்கினு கீறேன்” என்று தனக்குத்தானே பொரிந்தாள்.

கம்பெனிக்குக் கிளம்பிய எதிர்வீட்டு குணசுந்தரி, டிபன் பையோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“யக்கா, அந்த சுவிட்ச நிறுத்து. எலெக்சனுக்கு ஓடுன வண்டி போல. உள்ள மைக்கு, முன்னாடி ஸ்பீக்கரு. நீ பேசறது தெருவுக்கே கேக்குது.”

மெர்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. சுவிட்சை நிறுத்தினாள்.

“கேட்டா கேக்கட்டும். இல்லாததயா சொன்னேன்? ஏறு, சிப்காட்ல உட்டுட்டு வரேன்.”

வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினாள். கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருந்தது. ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் கேட்டு வைத்திருந்தாள்.