நெய்யாற்றை மேலிருந்து பார்த்த மாமி

சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு, மாமாவின் கான்வாஸ் ஷூவுக்குள் பழந்துணி திணித்துப் போட்டு, வெள்ளறடையில் பஸ்ஸைவிட்டு இறங்கிய மாமிதான் முதலில் நினைவுக்கு வருகிறாள். மாமி மிஷன் பள்ளிக்கூட ஆசிரியை. நெய்யாற்றைப் பற்றிய பாடத்தை வருடந்தோறும் நடத்தியவள். ஆறு கடலில் சேரும் பூவாரைப் பார்த்திருக்கிறாள். அது இறங்கி வரும் பள்ளத்தாக்கைப் பார்த்ததில்லை. முட்டுவலி வேறு. ஓய்வுபெறும் முன் காப்புக்காட்டுக்குள் நடந்து, உச்சிப்பாறையில் நின்று பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். "பள்ளிக்கூடப் படியே ஏறமாட்டா, பாறை ஏறப்போறாளாம்" என்று மாமா வீடு முழுக்கக் கேட்கச் சிரித்தார். ஆனாலும் என்னையும் கூட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

தமிழ் பேசும் ஊர்கள் எந்த மாநிலத்துக்கு என்ற எல்லைக் கிளர்ச்சி உச்சத்தில் இருந்து, தமிழரும் மலையாளிகளும் ஒருவரையொருவர் பயந்த காலம் அது. நாலுபேர் சேர்ந்து நடந்தாலே ஊர்வலமோ என்று பார்ப்பார்கள். நான் வழியெல்லாம் குடை, பழம், தண்ணீர்ச் செம்பு என்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே வந்தேன். "எலே மக்கா, நீ எண்ணித் தீக்கதுக்குள்ள நான் ஏறி எறங்கீருவேன் ஆக்கும்" என்றாள் மாமி.

ஓடையைத் தாண்டியதும் பாதை குறுகியது. ஒருபுறம் மூங்கில், மறுபுறம் சரிவு. எதிரே கம்புகளோடு ஐந்து இளைஞர்கள் இறங்கி வந்தார்கள். மாமா முந்திக்கொண்டு, "ஞங்ஙள் வெறுதே காடு காணான் வந்நதா" என்று மலையாளத்தில் சொன்னார். அவர்களோ பாடப்புத்தகத் தமிழில், "நாங்களும் காட்டைப் பார்க்கவே வந்தோம், ஐயா" என்றார்கள். மாமா மாமியின் காதருகே குனிந்தார். "ஏட்டி, இவனுவ தமிழ் பேசி நம்ம வாயப் பிடுங்குதானுவ. திரும்பீருவோம்." மாமி மேலே பாறையைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது. நானும் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் எங்களுக்கு வழிவிட ஒதுங்கியபோது ஒருவனுக்குக் கால் வழுக்கியது. "எண்டம்மோ!" என்று அலறிக்கொண்டு உட்கார்ந்தான்.

மாமி சிரித்த சிரிப்பு பள்ளத்தாக்கில் மோதித் திரும்பி வந்தது. "எலே, விழும்போ வந்தது மலையாளமாக்கும்! நாங்க தமிழு. ஒங்களப் பயந்து இவரு மலையாளம் பேசுதாரு, எங்களப் பயந்து நீங்க தமிழு பேசுதிய!"

விழுந்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டே, "சாரின்டெ மலையாளம் கேட்டப்போழே தமிழரெந்நு மனசிலாயி, அம்மே! கிளர்ச்சிக்காரெந்நு பேடிச்சு!" என்றான். மாமாவின் மலையாளமே எங்களைத் தமிழ்க் கிளர்ச்சிக்காரர்களாகக் காட்டியிருக்கிறது. மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து ஐந்து பேரும் சிரித்தார்கள். பிறகு அவரவர் மொழியிலேயே பேசினோம். ஒரு சொல்கூட யாருக்கும் விளங்காமல் போகவில்லை. இரு மொழியும் தெரிந்தவர்கள் மட்டுமே ஒருவரையொருவர் இப்படிப் பயமுறுத்த முடியும். மேலே பாதை நன்றாக இருக்கிறதென்று சொல்லி, ஒருவன் தன் கம்பை மாமியிடம் கொடுத்தான்.

இன்று எல்லை முடிந்த கதை. எங்கள் வீடு கேரளத்தில் நின்றுவிட்டது. முட்டுவலி எனக்கு வந்துவிட்டது. அந்த ஏற்றத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது. அன்று மாமி மட்டும் நிற்கவே இல்லை. கம்பை ஊன்றி, கடைசிச் சரிவில் கையும் ஊன்றி, எங்களுக்கு முன்னால் பாறைமேல் போய் நின்றாள். காற்றில் சேலை படபடத்தது. காட்டின் நடுவே ஆறு மின்னி மின்னி மறைந்து, தெற்கே தென்னைகளுக்குள் போனது.

மாமா பாதிச் சரிவில் உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, பூவார் தெரியுதா?" என்று கத்தினார்.

"அங்க இருந்து கேட்டா எப்படி? ஏறி வாருங்க, காட்டித்தாறேன்" என்றாள் மாமி.

மாமா எழுந்து ஏறினார்.