அத்தையைப் பார்க்க வந்தவர்கள்

நனைந்த கோணிச்சாக்கின் வாடை எங்கிருந்தாவது மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் எனக்குக் கை கால் சில்லிட்டுப் போகும். ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில், என் அத்தை சாகக் கிடந்த அறையின் வாடை அது. துணிப் பஞ்சத்தில் சேலைகளெல்லாம் கந்தலாகிவிட, அத்தைக்கு விரிப்பும் சாக்கு, போர்வையும் சாக்கு. வீட்டில் கிழிக்காமல் வைத்திருந்த ஒரே துணி அப்பாவின் நீலக்கரைத் துண்டு. காட்டுக்குள் ரயில் பாதை போடும் "சயாம் வேலை"க்கு அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து, அது கதவோரத்து ஆணியில் தொங்கியது. அம்மா அதை யாரையும் தொட விடமாட்டார்.

அத்தை அப்பாவுக்கு அக்காள். கணவரை இழந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவர். முதலில் கால் வீங்கியது, பிறகு வயிறு, பிறகு எழவே இல்லை. அம்மா காலையிலேயே புக்கிட் பாரு பக்கம் மரவள்ளிக் கொல்லைக்குப் போய்விடுவார். பகல் முழுக்க அத்தைக்குத் துணை, ஒன்பது வயதுப் பெண்ணான நான்தான்.

ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். "பாத்து வா, மாமா உக்காந்திருக்காரு, கால மிதிச்சிடாத" என்றார் அத்தை. மாமா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். மறுநாள், ஏழு மாதத்தில் பறிகொடுத்த தன் குழந்தை மார்மேல் படுத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மறுநாள், போன மாதம் காய்ச்சலில் செத்த எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார். இருட்டு நேரமாக இருந்தாலாவது கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருக்கலாம். வெளியே கோழி மேய்ந்துகொண்டிருக்க, நல்ல வெயிலில், யாருமில்லாத இடத்தைப் பார்த்து அத்தை சிரிப்பார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டே நடந்து கஞ்சியை வைத்துவிட்டு ஓடிவருவேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அம்மாள் இருந்தார். கும்பிடுகிற சாமி எங்கள் சாமிதான், பேசுவது மட்டும் மலாய். அவரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படாதே, அவர்கள் அத்தையைக் கூட்டிப்போகத்தான் வருகிறார்கள் என்று தலையைத் தடவிவிட்டு, "யாங் ஹிடூப் தா டாத்தாங்" என்றார். உயிரோடு இருப்பவர்கள் வரமாட்டார்கள் என்று அர்த்தம். ஆறுதலுக்குச் சொன்னதுதான், பாவம். அந்த நிமிடத்திலிருந்து எனக்குப் பேய் பயம் போய்விட்டது, அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. முருகா, அத்தை வாயில் அப்பா பேர் மட்டும் வரக்கூடாது!

அம்மாவிடமும் அதை ஒப்பித்துவிட்டேன். அதன்பிறகு அவர் சாயங்காலம் வந்ததும் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கு யாரு வந்தாங்களாம்?" என்று கேட்பார். நான் பேர்களைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுப்பு மூட்டுவார்.

அன்று நல்ல மழை. அத்தை கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தார். வீங்கிய முகம் முழுக்கச் சிரிப்பு. "தம்பி வந்துட்டான்டி. எலும்பும் தோலுமா நிக்கிறான் பாரு. தொப்பலா நனைஞ்சிட்டான். அவன் துண்ட எடுத்துக் குடு, தலையத் தொவட்டட்டும்."

வாசலில் யாருமில்லை. ஆனால் கொடுக்காமல் இருக்கவும் எனக்குத் தைரியமில்லை. ஆணியிலிருந்து துண்டை உருவி, கண்ணை மூடிக்கொண்டு வாசலை நோக்கி வீசிவிட்டு மூலையில் சுருண்டுகொண்டேன். அம்மா வரும்வரை அசையவில்லை.

"அப்பா துண்ட யாருடி எடுத்தது?"

"நான்தாம்மா. அத்தைக்கு வேர்த்துச்சு."

அந்தக் கொட்டுகிற மழையில் வேர்த்ததாம்! அம்மா துண்டை உதறி மறுபடி ஆணியில் மாட்டினார். யார் வந்தார்கள் என்று அன்று கேட்கவில்லை. அதன்பிறகு கேட்கவே இல்லை. இரண்டாம் நாள் அத்தை போய்விட்டார்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். அப்பாவைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. பொட்டை அழிக்கச் சொன்ன உறவினர்களிடம், "செத்தாருன்னு யாராச்சும் வந்து சொல்லட்டும்" என்று அம்மா சண்டைக்குப் போனார். சொன்னவர் ஒருவர் உண்டு என்பது எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில், நெற்றிப் பொட்டோடு, அம்மாவும் பேர் சொல்லத் தொடங்கினார். அத்தை வந்தாராம், தாத்தா வந்தாராம். பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்ட எனக்கு, ஒன்பது வயதில் பிடித்த அதே பயம். "அப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"அவரு வரலடி."

கொஞ்ச நேரத்தில் அம்மா வாசலைப் பார்த்தார். யாருக்கோ இடம் விடுவதுபோலக் காலை மெல்ல ஒதுக்கினார். "தலகாணிக்குக் கீழ அந்தத் துண்டு இருக்கு, எடு."

"எதுக்கும்மா?"

"வேர்க்குது."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, சில்லென்று இருந்தது.

இன்று அந்த வீடு இல்லை, கார் நிறுத்துகிறார்கள். அத்தாப்புக் கூரையும் செட்டி அம்மாளும் போய்ச் சேர்ந்தாயிற்று. சாகும் நேரத்தில் மூளை குழம்பி அப்படியெல்லாம் தெரியும் என்கிறான் டாக்டருக்குப் படித்த என் பேரன். இருக்கட்டும். நேற்று மகள் அலமாரியை ஒழித்தபோது அந்த நீலக்கரைத் துண்டைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கந்தல் எதுக்கும்மா இன்னும்?" என்றாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. நாளைக்கு நான் சாகக் கிடக்கும்போது என் பக்கத்தில் உட்காரப் போகிறவள் அவள்தானே.

"கெடக்கட்டும்மா, எனக்கு வேர்க்கும்" என்றேன்.