மீட்டரக்காவின் மேசை

மீட்டரக்காவுக்கு இப்போதும் சனிக்கிழமை மத்தியானம் ஆனால் கை சும்மா இருக்காது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேசையைத் துடைப்பார். காலையில் துடைத்த மேசைதான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "யாரும் வரப்போறதில்ல, செத்த உக்காரேன்" என்பார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை துடைப்பார்.

ஒரு காலத்தில் அந்த நேரத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அக்காவின் சித்தப்பா மகன் நடத்திய மின்னணு உதிரிபாகக் கடையில், ஜன்னலோரமாக ஒரு மேசை போட்டிருந்தது. மற்ற நாட்களில் அக்கா கல்லாவுக்குப் பின்னால் நின்று சின்னச் சின்ன இழுப்பறைகளிலிருந்து சாமான் எடுத்துக் கொடுப்பார். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அந்த மேசைக்கு வந்துவிடுவார். வீட்டில் ஆசைக்குச் சர்க்யூட் கட்டிப் பார்த்து, அது ஓடாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவிலும் துணிப்பையிலும் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அக்கா எந்தக் கல்லூரியிலும் இதைப் படிக்கவில்லை. ரேடியோ கம்பெனி ஒன்றில் இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்தார். போர்டுகள் வரிசையாக வரும் பெல்ட்டின் கடைசி நாற்காலி அவருடையது. சொன்ன இடத்தில் மீட்டரை வைக்க வேண்டும், முள் சொன்ன கோட்டைத் தொட்டால் அனுப்ப வேண்டும், தொடாவிட்டால் ஓரமாக வைக்க வேண்டும். ஏன் தொடவில்லை என்று கேட்பது அவர் வேலையில் சேராது. அந்த 'ஏன்' தான் அவரை விடாமல் அரித்தது. சாப்பாட்டு நேரத்தில் ரிப்பேர் பிரிவுப் பெண்களின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். கம்பெனியை விட்டு வரும்போது அங்கே ஒதுக்கிய பழைய முள் மீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்ததால்தான் அந்தப் பெயர்.

"கடன்காரனைக்கூடச் சமாளிச்சிடலாம், இவ கேக்குற கேள்வியைச் சமாளிக்க முடியாது" என்பார் கடைக்கார அண்ணன்.

மேசைக்கு வருகிறவர் வாயில் முதலில் வரும் வார்த்தை, "எல்லாம் சரியாத்தான்க்கா மாட்டியிருக்கேன்." அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "எல்லாம் சரியா இருந்தா வீட்டுலயே இருந்திருக்கலாமே" என்பார். பிறகு, "கடைசியா எப்ப ஓடுச்சு? அதுக்கப்புறம் எதைத் தொட்டீங்க?" ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றினால் உடனே அளந்து பார்க்க வேண்டும். இதில் மட்டும் அவர் யாருக்கும் இரக்கம் காட்ட மாட்டார். பேங்க் காசாளர் ஒருவர், பற்றவைக்காமல் வயர் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டின் ஓரத்தில் நீளமாக ஓடும் மின்சாரக் கோடு நடுவில் விட்டுப்போயிருப்பது தெரியாமல், மாதக்கணக்கில் பாதிப் பலகைக்கு உயிரே இல்லாமல் போராடியிருக்கிறார். அக்கா துண்டு வயர் ஒன்றை நடுவில் செருகியதும் எல்லா விளக்கும் எரிந்தன. மனுஷர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த மேசைக்கு வந்தவர்களில் அக்கா மனதில் இன்னும் உட்கார்ந்திருப்பவர் ஒரு சலூன்காரர்.

அவர் மாடியில் குடியிருந்தார், தங்கையும் மாப்பிள்ளையும் கீழ்வீட்டில். மாப்பிள்ளைக்குப் புத்தக பைண்டிங் வேலை. மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவது சலூன்காரர் பொறுப்பு, நிறுத்த மறப்பதும் அவரே. தொட்டி வழிந்து, கீழே காய வைத்திருந்த பைண்டிங் எல்லாம் ஊறிப் பொங்கிப்போயின. முதல் தடவை மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டார். மறுபடியும் நடந்தபோது, "இன்னொரு சொட்டு விழுந்தா நாங்க வேற வீடு பாத்துக்குறோம் மச்சான்" என்று சொல்லிவிட்டார். தங்கையோ அன்றிலிருந்து சாயங்காலம் மாடிக்கு வந்து அண்ணனோடு உட்கார்ந்து பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

தொட்டி நிறைந்தால் கூவும் அலாரம் ஒன்றைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று சலூன்காரர் வந்தார்.

"ரெடிமேடாவே இருக்கு தம்பி. வாங்கி மாட்டிட்டுப் போங்களேன்" என்றார் அக்கா.

"வாங்கி மாட்டினா அது கடைக்காரர் செஞ்சதுக்கா. மறந்தது நான். நான் என்ன செஞ்சேன்னு அவ கேப்பாளே?"

அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. எளிமையான சர்க்யூட் ஒன்றை வரைந்து கொடுத்தார்: ஒரு பேட்டரி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பஸ்ஸர், தண்ணீருக்குள் தொங்கும் இரண்டு வயர். தண்ணீர் இரண்டு வயரையும் தொட்டால் அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிந்து டிரான்சிஸ்டரைத் தட்டி எழுப்பும், பஸ்ஸர் கூவும். சலூன்காரருக்குக் கத்தி பிடித்துப் பழகிய கை, ஈயப் பற்றவைப்பு ஒவ்வொன்றும் முத்து மாதிரி விழுந்தது. அக்கா கடைக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து வயரை முக்கினார். கடையே அதிரக் கூவியது.

"ஐயோ, காது!" என்றார் அண்ணன் கல்லாவிலிருந்து.

அடுத்த சனிக்கிழமை சலூன்காரர் தொங்கிய முகத்தோடு வந்தார். வீட்டில் கத்தவில்லையாம். அக்கா அதே டம்ளரில் முக்கினார், கத்தியது. மாடிவரை போகும் வயரின் நீளம்தான் காரணமோ என்று, அதே நீளத்துக்கு வயரைச் சுருளாகச் சேர்த்துப் பார்த்தார். அப்போதும் கத்தியது. பேட்டரியை மாற்றிக் கொடுத்து அனுப்பினார்.

அதற்கடுத்த வாரமும் அதே கதை. "இங்க பாடுது, அங்க ஊமையாயிடுது. உங்களைக் கண்டா பயப்படுதோ என்னமோ!"

"பயப்படல தம்பி. வீட்டுல ஏதோ தப்பா மாட்டுறீங்க. இங்க கத்துறது அங்க ஏன் கத்தாது?"

சொன்ன குரலில் சூடு கொஞ்சம் கூடிப்போயிற்று. சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "மாப்பிள்ளை வீடு பாக்கப் போயிருக்காருக்கா. தங்கச்சியையும் கூட்டிட்டுப் போயிருக்காரு" என்றார் மெதுவாக.

அக்கா போர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மறுபடியும் எல்லாப் பற்றவைப்பையும் உருக்கி ஒட்டச் சொன்னார். தேவையில்லாத வேலை என்று அவருக்கே தெரியும். சலூன்காரர் சொன்னபடி செய்துவிட்டு, விரலில் ஒட்டிய பற்றவைப்புப் பிசினைக் கழுவப் பின்பக்கம் போனார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்னண்ணே இது, சோப்பா சுண்ணாம்புக் கட்டியா?" என்று அங்கிருந்தே கேட்டார். "தேச்சுத் தேச்சுக் கை ஓஞ்சு போச்சு, நுரையே வரமாட்டேங்குதே!"

"சோப்பைச் சொல்லாதீங்க, எங்க போர்வெல் தண்ணி அப்படி" என்றார் கடைக்கார அண்ணன். "டம்ளரையே பாருங்க, உப்பு படிஞ்சு வெள்ளையா கிடக்கு."

"எங்க வீட்டுத் தண்ணியில ஷேவிங் பிரஷை முக்கினாலே பொங்கிடும். சலூனுக்கே வீட்டுலேருந்துதான் கேன்ல கொண்டுபோறேன்."

அக்காவின் கை மீட்டர் மேலேயே நின்றுவிட்டது. "தம்பி, உங்க வீட்டுத் தண்ணி எது?"

"மழைத்தண்ணிக்கா. கூரைத் தண்ணியெல்லாம் கீழ்த்தொட்டியில விழுற மாதிரி அப்பா கட்டி வெச்சது. அதைத்தான் மோட்டார் மேல ஏத்துது."

"சலூன் எவ்ளோ தூரம்?"

"இந்தத் தெருமுனைதான்."

"ஓடிப்போய் அந்தக் கேனை எடுத்துட்டு வாங்க."

மூச்சு வாங்க வந்த சலூன்காரர் கேனை மேசைமேல் வைத்தார். அக்கா புது டம்ளரில் ஊற்றி, மீட்டரின் இரண்டு முனைகளையும் முக்கினார். முள் லேசாக அசைந்து, சோம்பேறி மாதிரி திரும்பப் படுத்துக்கொண்டது. கடைத் தண்ணீரில் முக்கினார். முள் துள்ளி எழுந்து ஓடியது.

"உங்க கையில தப்பில்ல தம்பி" என்றார் அக்கா. "போர்ட்டை அளந்தேன், வயரை அளந்தேன், பேட்டரியை அளந்தேன். தண்ணியை அளக்கல. எங்க உப்புத் தண்ணியில மின்சாரம் தாராளமா ஓடுது. உங்க மழைத்தண்ணி அவ்ளோ சுத்தம், அதுல கசியிற துளி மின்சாரம் டிரான்சிஸ்டரை எழுப்பவே பத்தல."

"அப்ப எழுப்ப முடியாதாக்கா?"

"இன்னொருத்தனைப் பக்கத்துல படுக்க வைப்போம். அவன் லேசாத் தொட்டாலே முழிச்சிக்குவான். முழிச்சு இவனை உதைப்பான்."

முதல் டிரான்சிஸ்டருக்கு முன்னால் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துச் சலூன்காரரே பற்றவைத்தார். அக்கா இந்த முறை வயரை அவர் கையிலேயே கொடுத்தார். கேன் தண்ணீரைத் தொட்ட மறுகணம் பஸ்ஸர் அலறியது. சலூன்காரர் வயரை எடுக்கவே இல்லை. அலறலுக்கு நடுவில் ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை.

அதன்பிறகு சில வாரங்கள் அவர் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டு பெய்தது. ஓடினால் யாரும் சொல்ல வர மாட்டார்கள், ஓடாவிட்டால்தான் வருவார்கள் என்பது அந்த மேசையின் வழக்கம். ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவின் கண் வாசலுக்குப் போய்ப் போய் வந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்களோ என்ற நினைப்பு முள்ளாகக் கிடந்தது.

பிறகு ஒரு மத்தியானம், விரல் இடுக்கில் பசை காய்ந்திருந்த ஒருவர் அந்த அலாரப் பெட்டியோடு வந்து நின்றார். அக்கா பெட்டியைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"இதைச் செஞ்சது நீங்கதானே?" என்றார் சலூன்காரரின் மாப்பிள்ளை.

"உங்க மச்சான் செஞ்சது. ஏன், ஓடலையா?"

"ஓடலையாவா! மாடிப்படித் திருப்பத்துல மாட்டி வெச்சிருக்காரு, எங்க வாசலுக்கு நேரே. மத்தியானம் கண்ணை மூடினா போதும், அலறுது. என் வீட்டுக்காரி வேலையைப் போட்டுட்டு 'அண்ணே, மோட்டாரு'ன்னு கத்திக்கிட்டே மாடி ஏறிடுறா. ஏறினா ஒரு மணி நேரம் பேச்சு. மழைக்காலம் முழுக்க இப்படின்னா எப்படிம்மா? அடுத்த வருஷமும் வேற இதைக் கேக்கணும்!"

அடுத்த வருஷம் என்ற வார்த்தையில் அக்கா நிமிர்ந்து பார்த்தார். கல்லாவில் அண்ணன் இருமுவது போலச் சிரிப்பை விழுங்கினார்.

"மச்சானுக்குத் தெரியாமக் கழட்டிட்டு வந்திருக்கேன்" என்று மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "அவரு மோட்டார் போடுறதுக்குள்ள திருப்பி மாட்டணும். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைங்க."

அக்கா பெட்டியைத் திறந்து, பஸ்ஸரின் வாய்த் துளைமேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார். டம்ளரில் வயரை முக்கிக் காட்டினார். அலறல் அடங்கி, தொண்டை கட்டிய கூவலாக வந்தது.

"இது போதுமா? இன்னொரு டேப் ஒட்டட்டுமா?"

மாப்பிள்ளை காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அவசரமாகக் கையை நீட்டிப் பெட்டியை இழுத்துக்கொண்டார்.

"வேணாம், வேணாம். அடுப்படியில அவ காதுக்குக் கேக்கணும்ல?"