நூராவிடம் சொல்லிவிட்டு வந்தேன்

அறையில் இருந்தவர்கள்: நூரா, ஆறு வயது. அவள் அம்மா, குவைத்தில் நான் வேலை செய்த வீட்டு மேடம். வாரம் இருமுறை வரும் டீச்சர். கதவோரம் துணி மடித்துக்கொண்டிருந்த நான். இரண்டு பொம்மைகள். அவற்றையும் ஆட்களாகவே டீச்சர் பேசவைத்தார்.

ஒரு பொம்மை பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போனது. மற்றது அந்தப் பந்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தது. வெளியே போனது திரும்பி வந்தால் பந்தை எங்கே தேடும் என்று டீச்சர் அரபியில் கேட்டார். "ஸந்தூக்" என்றாள் நூரா. பெட்டி என்று அர்த்தம். டீச்சர் என் பக்கம் திரும்பி, "குமாரி, நீ சொல்" என்றார். கூடை என்றேன். நாலைந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்களாம். நூராவுக்கு ஓட்டிசம். தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்றார். அது எனக்குப் புதிதில்லை. தாகம் வந்தால் நூரா கேட்கமாட்டாள். எனக்குத் தெரியும் என்று நினைத்தே பக்கத்தில் வந்து நிற்பாள். தண்ணீர் வராவிட்டால் கோபம் வரும். அன்று எனக்குக் கண் கலங்கியது. "கவலைப்படாதே, நூராவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வரும்" என்று டீச்சர் தோளில் தட்டினார். நான் திருத்தவில்லை. அவ்வளவு அரபி என்னிடம் இல்லை.

நான் நினைத்தது செல்வியை. இலங்கையில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஐந்து வயதில் விட்டுவந்த என் மகள். எங்கள் லயத்திலிருந்து வெளிநாடு போன பெண்கள் யாரும் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனதில்லை. "சொன்னா காலக் கட்டிக்கும். டவுனுக்குன்னு சொல்லிட்டு பஸ் ஏறு" என்றார் என் வீட்டுக்காரர். செல்வியிடம், "பண்டாரவளைக்குப் போறேன், சாயந்தரம் வந்துருவேன்" என்றேன். "பிஸ்கட் வாங்கிட்டு வா. போன தடவ தூளாத்தான் கொண்டாந்த" என்றாள். சரி என்றேன். அவள் மனம் என்னைப் பண்டாரவளையில் தேடும். நான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருப்பேன். அது தெரிந்துதான் செய்தேன். நடுவில் இரண்டு தடவை லீவில் வந்தேன். இரண்டு தடவையும் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதுதான் திரும்பிப் போனேன்.

போன மாதம் ஒப்பந்தம் முடிந்தது. "கடைக்குப் போவதாகச் சொல், அவளை அழவைக்காதே" என்றார் மேடம். எட்டு வருடத்தில் முதல் தடவையாக மாட்டேன் என்றேன். ஒரு படம் வரைந்தேன். தய்யாரா, அதாவது விமானம். அதற்குள் நான். கீழே வீட்டில் நூரா. குமாரி திரும்பி வரமாட்டாள் என்று அரபியில் சொன்னேன். நூரா சுவரில் தலையை மோதி அழுதாள். மேடம் என்னை ஏசினார். மறுநாள் புறப்படும்போது நூராவே வாசலுக்கு வந்தாள். படத்தை என் கையில் வைத்தாள். "தய்யாரா" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இப்போது லயத்தில் இருக்கிறேன். வெளிநாடு போகக் காத்திருக்கும் பெண்கள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அங்கே நூராவைக் கூப்பிட வாயெடுத்தால் செல்வி என்று வரும். இங்கே செல்வியை நூரா என்கிறேன்.

"நூரா இங்க இல்லீங்க. குவைத்துக்கு போன் போடுங்க" என்பாள் செல்வி. அவளுக்கு இப்போது பதின்மூன்று. முன்பு என்னை 'நீ' என்பாள்.

நேற்று கீரை ஆய்ந்துகொண்டே நூராவின் கதையை அவளிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"அப்ப அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டு வந்தீங்க."

"ஆமா."

செல்வி எழுந்துபோய், எப்போதும் திறந்தே கிடக்கும் கதவை இழுத்தாள். அது மறைத்திருந்த சுவரின் அடியில் கரிக்கோடுகள். ஒரு சிறு பிள்ளையின் கைக்கு எட்டும் உயரம்.

"சாயந்தர பஸ்ஸுல நீங்க எறங்காத நாளுக்கு ஒரு கோடு. அப்பறம் அப்பா உண்மைய சொல்லிட்டாரு."

குனிந்து எண்ணினேன்.

நாற்பத்தொன்று.