புஷ்பவதி அக்கா தேநீர் குடிப்பதில்லை

பத்து மணித் தேநீர் வந்ததும் புஷ்பவதி அக்கா கோப்பையை வாங்கி உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வார். மீதியை மிளகுக் கொடியின் அடியில் ஊற்றிவிடுவார். "நீ குடி. ஒனக்குக் கதவு தேட வேண்டியதில்ல" என்று கொடியிடம் சொல்லிவிட்டுச் சுளகை எடுப்பார். மூன்று வருடமாகத் தேநீர் குடிக்கிற அந்தக் கொடி மற்றக் கொடிகளைவிடக் கறுத்து, தூக்கம் தொலைத்த முகத்தோடு நிற்பதாக எனக்குத் தோன்றும்.

நாலந்தாவைத் தாண்டி மாத்தளைக்குப் போகிற வழியில், பயணிகள் இறங்கிப் பார்க்கிற வாசனைத்திரவியப் பண்ணை இது. முன்பக்கம் அவர்களுக்கு. பின்பக்கத் தகரக் கொட்டகை மிளகு புடைக்கிற ஏழு பெண்களுக்கு. அங்கேயே ஒரு மூலையில் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுகிறவன் நான். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து ஆறரை பஸ்ஸில் வருவார். மிளகுக்குள் கல் அகப்பட்டால் "வந்துட்டாரு தொர" என்று இரண்டு விரலால் எடுத்து வாசலுக்கு வெளியே சுண்டுவார். ஒரு நாளைக்கு முப்பது துரைமாராவது போவார்கள்.

முன்பக்கத்தில் ஒரு மலசலகூடம் இருக்கிறது. நீல ஓடு, ஆளுயரக் கண்ணாடி, கறுவா மணக்கும் சோப்பு. வாகனம் வந்தால் திறப்பார்கள், போனதும் பூட்டுவார்கள். சாவி மெனேஜர் சசிக்குமாரின் இடுப்பில். கதவில் 'விருந்தினருக்கு மட்டும்' என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. விருந்தினர் படிக்கிற எந்த மொழியிலும் இல்லை.

சசிக்குமாரும் லயத்துப் பிள்ளைதான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. ஒரு சொட்டு ஈரம் கெடந்தாலும் வெள்ளக்காரங்க போன்ல எழுதிப் போட்டுர்றாங்க."

"நாங்க என்ன ஆத்துலயிருந்தா எந்திரிச்சு வர்றோம்?"

ஆகவே பெண்களுக்குக் கொக்கோ மரங்கள்தான். இரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் பாதைக்கு முகம் காட்டிக் காவல். ஆள் வந்தால் காவல்காரி இரும வேண்டும். கொக்கோக் காய் பார்க்கப் பயணிகளை அழைத்துவருவதும் அதே பாதையில்தான். ஒருநாள் காவலுக்கு நின்ற றுஸ்னா இருமு இருமென்று இருமியதில், இரக்கப்பட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா தொண்டைக்கு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாராம். "இவ மிட்டாய சப்பிக்கிட்டு நிக்கிறா. நான் அட்டைக்கு ரத்தம் குடுத்துக்கிட்டு உள்ள குந்தியிருக்கேன்" என்று அக்கா சொல்லும்போது கொட்டகையே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார்.

இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாக அவருக்குச் சிறுநீரில் கிருமி. காய்ச்சலோடு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை வந்தால் சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "நல்லா தண்ணி குடிங்கம்மாங்குறாரு. குடிச்சிட்டு எங்க போறதுன்னு துண்டுல எழுதித் தரலயே!"

தொழிற்சங்கத்துக்காரர்கள் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை ஒருநாள் என்னிடம் நீட்டினார். "படி தம்பி." வேலைத்தளத்தில் பெண்களுக்குத் தனியான, போதுமான மலசலகூட வசதி இருக்க வேண்டும் என்று படித்தேன்.

"பூட்டக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப எழுதுனவன் ஆம்பள."

என்றாலும் மனு எழுதச் சொன்னார். ஏழு பேரும் கையெழுத்து வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து தொழில் திணைக்களத்திலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது.

அன்று காலையில் சசிக்குமார் தானே சாவியைக் கொண்டுவந்தார். "அக்கா, பெரிய ஆள் வர்றாரு. கொஞ்சம் தொடச்சுக் குடுங்களேன்." வெளியாள் வரும்போது அழுக்குக் கிடந்தால் அக்காவுக்குத் தாங்காது. லயத்தில் யாராவது எட்டிப் பார்த்தாலே முதலில் விளக்குமாற்றைத்தான் தேடுவார். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஓட்டின் இடுக்கையெல்லாம் தேய்த்தார். மூலையில் ஒரு பிடி கராம்பு வேறு வைத்தார். அதிகாரி எட்டிப் பார்த்தார், முகர்ந்தார், வாசலில் நின்ற அக்காவிடம் கேட்டார்: "எப்பவும் இப்படிச் சுத்தமா இருக்கா?"

"நல்ல சுத்தம் ஐயா" என்றார் அக்கா, பெருமையோடு.

வசதி போதுமானது என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். கதவு மறுபடியும் பூட்டப்பட்டது.

"சுத்தமான்னு கேட்டாரு. எவளோ தேச்ச மாதிரி நானும் ஆமான்னேன். தொறந்து வக்கிறாங்களான்னு அவரும் கேக்கல, எனக்கும் வாய்ல வரல. இந்த வாயி, அரிசிக் கடையில ஒன்றரை மணி நேரம் சண்ட போடுற வாயி!" ஒரு கிழமை முழுக்கச் சுளகு அவரிடம் அடி வாங்கியது.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். மலசலகூட வாசலில் வெள்ளைக்காரப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா சுளகைச் சாய்த்து வைத்தார். கையிலிருந்த மிளகுத் தூசியைத் தட்டினார். நடந்துபோய், உயரமான ஒரு பெண்ணின் பின்னால் வரிசையில் நின்றுகொண்டார்.

சசிக்குமார் ஓடி வந்தார். "அக்கா, மொளகு கெடக்கு."

"கெடக்கட்டும் தம்பி. அது ஓடிப் போகாது."

முன்னால் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கையில் போன் இருந்தது. சசிக்குமார் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். சிரித்த வாயை மூட வழியில்லாமல் அப்படியே நின்றார்.

வரிசை ஓர் அடி நகர்ந்தது. அக்காவும் நகர்ந்தார். திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கொட்டகை வாசலில் நின்ற ஆறு பேருக்கும் வாருங்கள் என்று விரல்களை அசைத்தார்.